மாத்திரை போட்ட மெக்கானிக்

வாஷிங் மெஷினைக் கழற்ற யாரால் வேண்டுமானாலும் முடியும். திரும்ப மாட்டி முடித்த பிறகு கையில் ஸ்க்ரூ மிச்சமில்லாதவனுக்குத்தான் மெக்கானிக் என்று பெயர். அந்தக் கணக்குப்படி நான் பதினோரு வருஷம் மெக்கானிக்கே இல்லை, தாம்பரம் சர்வீஸ் சென்டரில் சும்மா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்க அதைத் தேடியவர்கள், கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பியவர்கள் யாராவது இதைப் படித்தால், வாங்க, உட்காருங்க. நாமெல்லாம் ஒரே ஜமாத்.

மறக்கக் கூடாது என்பதற்காக

சேலையூரில் ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவர் வீடு. என் சாப்பாட்டு டப்பாவை எங்கே வைத்தாலும் மறந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் மறக்கவே முடியாத இடமாகப் பார்த்து, ரிப்பேர் செய்துகொண்டிருந்த மெஷினின் டிரம்முக்குள்ளேயே வைத்தேன். மூடும்போது கண்ணில் படாமலா போகும்? படவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் வீட்டுக் காலிங் பெல் வேலை செய்யாதது கண்ணில் பட்டது. அதைச் சரி செய்து, காபி குடித்து, சலாம் போட்டுவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் போன் வந்தது. மனுஷர் கோபப்படக்கூட இல்லை, அதுதான் கொடுமை. "தம்பி, மெஷின் நல்லாத்தான் சுத்துது. ஆனா வேட்டிக்கு வேட்டி புளிசாதம் ஒட்டிக்கிட்டு இருக்கு, வேர்க்கடலையோட."

ஒரு வீட்டில் வேலை முடித்து ஒரு மாதத்துக்குள் அதே மெஷினுக்கு மறுபடி புகார் வந்தால், எங்கள் தொழிலில் அதற்கு ரிபீட் என்று பெயர். மெக்கானிக்குக் கெட்ட பேர். வாத்தியார் வேட்டி அந்த மாதத்தில் எனக்கு ஆறாவது ரிபீட். மேனேஜர் லதா மேடம் கூப்பிட்டு உட்கார வைத்தார். எனக்குப் பெரிய படிப்பு கிடையாது, வேறு தொழிலும் தெரியாது, வீட்டில் என்னை நம்பி மூன்று பேர். அது அவருக்கும் தெரியும். அதனாலேயே குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஜாகிர், உன் கை நல்ல கை. ஆனா நீ போற வீட்டுக்கெல்லாம் பின்னாடியே இன்னொரு ஆளை அனுப்ப என்னால முடியாது. மூணு மாசம் டைம் தர்றேன். அதுல ஒரே ஒரு ரிபீட் வந்தாலும் வேற வேலை பார்த்துக்கோ."

டாக்டரம்மா வீட்டில்

அந்த வாரமே மேடவாக்கத்தில் ஒரு சர்வீஸ் கால். மெஷினின் பின்பக்கத்தைக் கழற்றினேன். பக்கத்தில் சிங்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கலாம் என்று ஸ்பேனர் எடுக்கக் கீழே வண்டிக்குப் போனேன். வண்டியில் செயின் தொங்கியது. அதை இழுத்துக் கட்டி, வாட்ச்மேனிடம் அவர் ஊர் மழை நிலவரம் விசாரித்து, முக்கால் மணி நேரம் கழித்துக் கிரீஸ் கையோடு மேலே வந்து, அந்த வீட்டு அம்மாவைப் பார்த்துக் கேட்டேன்: "சொல்லுங்க மேடம், மெஷின்ல என்ன கம்ப்ளைன்ட்?"

அந்த அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "சின்ன வயசுலேர்ந்தே இப்படியா?" என்று கேட்டார். "ஞாயித்துக்கிழமை தவிர எல்லா நாளும் அடி வாங்கியிருக்கேன் மேடம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவர் மனநல டாக்டர் என்பது எனக்கு அப்போது தெரியாது. "மெஷின் இருக்கட்டும் ஜாகிர். முதல்ல நீங்க என் கிளினிக்குக்கு சர்வீஸுக்கு வாங்க."

ஃபில்டர்

இரண்டு மூன்று தடவை உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, பர்வீனையும் (என் வீட்டம்மா) கூப்பிட்டு விசாரித்து, ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று சொன்னார்கள். பி.பி. பார்த்து, நெஞ்சுத் துடிப்பு பார்த்து, மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை மெடிக்கல் ஷாப்பில் நீட்டினால் என்னமோ கள்ளச் சாவி செய்யச் சொன்ன மாதிரி ஏற இறங்கப் பார்க்கிறார்கள். நாலாவது கடையில்தான் கிடைத்தது.

மறுநாள் காலை போட்டேன். முக்கால் மணி நேரம் இருக்கும். கல்யாண மண்டபத்தில் மைக் செட்டை நிறுத்தியதும் காது ஒரு மாதிரி ஆகுமே, அப்படி ஆனது, தலைக்குள். பர்வீனிடம் போய், "உனக்கெல்லாம் எப்பவுமே இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டே "எப்படி?" என்றாள். "அமைதியா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். முப்பத்தெட்டு வருஷம் எல்லாரும் சும்மா உட்கார்ந்துகொண்டே இதை அனுபவித்திருக்கிறார்கள், என்னிடம் மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை என்று வயிற்றெரிச்சலாக இருந்தது.

அந்த ஜோரோடு பள்ளிக்கரணையில் முதல் கால். தண்ணீர் ஏறவில்லை என்று புகார். ஃபில்டரைக் கழற்றினேன், அழுக்காக இருந்தது. பழைய டூத் பிரஷ் வாங்கித் தேய்க்க ஆரம்பித்தேன். யா அல்லாஹ், என்ன சுகம்! ஒவ்வொரு ஓட்டையாக, ஊசி வைத்து, இரண்டரை மணி நேரம். இந்த மாத்திரை கவனத்தைக் கொடுக்கும், அதை எதன் மேல் வைப்பது என்று சொல்லித் தராது, அதை நாம்தான் பார்த்துக்கொள்ளணும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மெஷினுக்குப் பின்னால் சுவரில் இருந்த குழாய் மூடியே கிடந்தது. அந்த வீட்டு அக்கா அதைத் திறந்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, ஃபில்டரை ஷோகேஸ்லயே வைக்கலாம், அவ்ளோ அழகா கீது. ஆனா குழாயைத் தொறக்கறதுக்கு இன்னா மாத்திரை போடணும்?"

நான் மாத்திரை போடுவதை அந்த அக்காவிடம் ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு எல்லாரிடமும் சொன்னேன். மறுநாளிலிருந்து டூல் பாக்ஸ் மூடியில் ஒரு தாள் ஒட்டிக்கொண்டேன்: ஒன்று, குழாய். இரண்டு, பிளக். மூன்று, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

பிரியாணி மேல் பழி

இந்த மாத்திரையில் பகலில் பசி செத்துப்போகும். டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். பர்வீனின் அண்ணன் மகளுக்குப் பல்லாவரத்தில் கல்யாணம் என்று மட்டும் அவருக்கு நான் சொல்லவில்லை. மதியம் ஒரு மணி. மட்டன் பிரியாணி, தாளிச்சா, கத்தரிக்காய் பச்சடி, எல்லாம் எதிரே இருக்கிறது. நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எழுந்து கை கழுவிவிட்டேன்.

வீட்டு மாப்பிள்ளை பிரியாணியை வைத்துவிட்டு எழுந்தால் சும்மா விடுவார்களா? சர்க்கரை வியாதி என்று ஒரு பந்தி பேசியது. நிக்காஹ் மேடையில் உட்கார இடம் கொடுக்கவில்லை என்று கோபமாம், இது இன்னொரு பந்தி. சாயங்காலம் ஐந்து மணிக்கு மாத்திரை இறங்கி அகோரப் பசி எடுத்து, சமையல் கட்டில் போய் அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மச்சான் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "மாப்ள, எங்க மேல வருத்தம்னா வாயால திட்டுங்க, வாங்கிக்கறேன். பிரியாணி மேல காட்டாதீங்க."

இரண்டு ஜாகிர்

காலையில் போட்டால் நாலு, நாலரை வரைக்கும்தான் மாத்திரை நிற்கும். அதற்குப் பிறகு பழைய ஜாகிர் கொஞ்சம் எரிச்சலோடு டியூட்டிக்குத் திரும்புவார். அதனால் கஷ்டமான வேலையெல்லாம் காலையில், சோப்பு டிரே மாற்றுவது மாதிரி லேசானதெல்லாம் சாயங்காலம் என்று பிரித்துக்கொண்டேன். இரண்டு மாதம் ஒரு ரிபீட் இல்லை. நானே நம்பவில்லை, ரெஜிஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

செம்பாக்கத்தில் தனியாக இருக்கும் பெரியவர் ஒருவர், பல வருஷப் பழக்கம். அவர் வீட்டுக்கு ஒருநாள் காலையில் போய், தாளைப் பார்த்து, இருபத்தைந்தே நிமிஷத்தில் மோட்டார் பெல்ட் மாற்றிவிட்டு வந்தேன். பெருமையாக இருந்தது. அவர் சென்டருக்குப் போன் போட்டுப் புகார் கொடுத்திருக்கிறார். மெஷினைப் பற்றி இல்லை, நல்லவேளை. லதா மேடம் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார்: "மேடம், காலையில வர்ற ஜாகிர் வேலை செய்யறான், சாயங்காலம் வர்ற ஜாகிர்தான் பேசறான். எனக்கு மெஷின் மெதுவா ரெடியானா போதும், சாயங்கால ஜாகிரையே அனுப்புங்க."

அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை, அதற்கு மாத்திரை காரணமில்லை. அந்த மனுஷருக்கு மெஷின் ஒரு சாக்கு என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போச்சே. இப்போதெல்லாம் அவர் வீட்டுக்கு ஐந்து மணிக்கு மேல்தான் போகிறேன்.

நிவேதாவுக்குக் கேட்ட சத்தம்

மூன்று மாதம் முடிய மூன்றே நாள். கீழ்க்கட்டளையில் புது மெஷின், வாரண்டியில் இருக்கிறது. சுற்றும்போது ஏதோ சத்தம் என்று புகார். எனக்கு முன்னால் வேறு வேறு மெக்கானிக்குகள் மூன்று பேர் போய், சத்தமே இல்லை என்று எழுதிவிட்டு வந்திருக்கிறார்கள். நானும் காலையில் போய், தாளில் உள்ளபடி எல்லாம் பார்த்தேன். சத்தமே இல்லை. வேலை முடிந்தால் வாடிக்கையாளர் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை வாங்கிப் போட்டால்தான் கால் முடிந்ததாகக் கணக்கு. அந்த அம்மா நம்பரைக் கொடுத்தார். நானும் முடித்துவிட்டேன்.

மறுநாள் அவரே எனக்குப் போன். "கம்ப்ளைன்ட் போடலை தம்பி, தப்பா நினைக்காதீங்க. என் பொண்ணு மெஷினைப் போடவே விட மாட்டேங்கறா. ஒரு தடவை வந்து அவகிட்ட பேசுறீங்களா?" போனேன். பெண் பெயர் நிவேதா, பத்தொன்பது வயசு, மெஷினைப் பார்த்துக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டிசம், கூடவே என் வியாதியும் உண்டு என்றார் அம்மா. மாத்திரையின் பெயரைச் சொன்னார். அட, என் மாத்திரை! என் தலைக்குள் இருந்த சத்தத்தை அது நிறுத்திய கதையை இரண்டு பேரிடமும் சொன்னேன். அதைப் போட்ட பிறகு ஒரு மணி நேரம் அசையாமல் படிக்கிறாளாம், ஆனால் முன்பு காதில் விழாத சத்தமெல்லாம் விழுகிறதாம். டாக்டர் அளவைக் குறைத்துப் பார்க்கிறாராம். "மூணு பேரும் இவளுக்குப் பிரமைன்னுட்டாங்க" என்றார்.

மெஷினைப் போட்டு, சத்தம் வரும்போதெல்லாம் தரையில் தட்டச் சொன்னேன். தட்டினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் தட்டியது ஒவ்வொரு சுற்றிலும் டிரம் ஒரே இடத்துக்கு வரும்போது. பிரமைக்கு இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வரும்? மெஷினை நிறுத்தி, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றி, உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அவள் தட்டிய அதே இடத்தில், அரிசியில் கல் கடிபட்ட மாதிரி ஒரு நெருடல். பேரிங் போய்க்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் டிரம்மோடு போயிருக்கும்.

புது பேரிங் வாரண்டியில் எடுக்க வேண்டுமென்றால் புகாரை மறுபடி திறக்கணும். திறந்தால் அது ரிபீட், என் பெயரில். இரண்டு நாள் கழித்துப் புகார் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலை தப்பிக்கும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள். இருக்கிற ஒன்றை இல்லை என்று அத்தனை பேரும் சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அங்கேயே உட்கார்ந்து, போனில் என் பெயருக்கு நானே ரிபீட் போட்டேன். அவளுக்கு அதெல்லாம் தெரியாது, அவள் வேறு யோசனையில் இருந்தாள். "அங்கிள், உங்களுக்கு மாத்திரை போட்டா சத்தம் குறையுது, எனக்குப் போட்டா கூடுது. அப்ப இந்த மெஷினுக்கு நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மெக்கானிக், கரெக்ட்டா?"

ரூல்

வழியில் இரண்டு சில்லறை ரிப்பேரை முடித்துவிட்டு சென்டருக்குப் போகும்போது மணி ஐந்தரை, மாத்திரை இறங்கிவிட்டது. லதா மேடம் முன்னால் ரிபீட் திறந்து கிடந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன், கொஞ்சம் கூடுதலாகவே சொன்னேன். பேரிங் உடைந்திருந்தால் கம்பெனி முழு மெஷினையே மாற்றித் தந்திருக்கணும் என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சொன்ன சொல் சொன்ன சொல்தான் ஜாகிர், இல்லேன்னா நாளைக்கு ஒருத்தனும் என்னை மதிக்க மாட்டான். ஐ.டி. கார்டை வை" என்றார். பர்வீன் முகம்தான் முன்னால் வந்தது.

சட்டைப் பையில் கையை விட்டேன். இல்லை. பேன்ட் பை, டூல் பாக்ஸ், ஹெல்மெட்டுக்குள், வண்டி சீட்டுக்கு அடியில், எங்கேயும் இல்லை. ஆபீஸே எழுந்து என்னோடு சேர்ந்து தேடியது. அப்போது நிவேதாவின் அம்மாவிடமிருந்து போன்: கார்டை அவர்கள் மெஷின் மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் தோள் குலுங்கியது, சிரிக்கிறாரா என்னவென்று தெரியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ரெஜிஸ்டரை மூடினார். "கார்டை ஒப்படைக்காத ஆளை வேலையை விட்டு எடுக்க முடியாது, அதுவும் ரூல்தான். நீ கார்டை எடுத்துட்டு வர்ற வரைக்கும் போய் வேலையைப் பாரு."

மறுநாள் காலை முதல் வேலையாக மாத்திரையைப் போட்டுக்கொண்டு கீழ்க்கட்டளைக்குப் போய், மெஷின் மேல் இருந்த கார்டைப் பத்திரமாக ஓர் ஓரத்தில் எடுத்து வைத்துவிட்டு, ஒரு ஸ்க்ரூ மிச்சமில்லாமல் பேரிங்கை மாற்றிவிட்டு வந்தேன், ஆனால் பாருங்கள், அந்தக் கார்டை எடுத்துவர மட்டும் இந்த எட்டு மாதமாக எனக்கு ஞாபகமே வரமாட்டேன் என்கிறது.