உப்புத் தண்ணீரில் வேகவைத்த கம்பி

போன மாதம் மரக்காணத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மேடையில் பாட்டுக் கச்சேரி. பாடுகிறவர்கள் இரண்டு பேர், ஒரு லேப்டாப், பக்கத்தில் பாஸ் கிடாரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடித் தலையை ஆட்டும் முப்பது வயது ஆள் ஒருவர். எனக்குப் பழக்கதோஷம், முதலில் கம்பியைத்தான் பார்ப்பேன். நாலு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தன. எல்லாவற்றிலும் தடிமனான மேல் கம்பியைக் காணோம். கிடாரிலிருந்து இறங்கிய ஒயர் அவருடைய பேன்ட் பாக்கெட்டுக்குள் போய் முடிந்தது. ஸ்பீக்கரில் மட்டும் பாஸ் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது.

அவர் இறங்கியதும் போய்க் கேட்டேன்.

"தம்பி, மேல் கம்பி இல்லியே?"

"எதுக்குக்கா? பாட்டு லேப்டாப்புல போவுது. நான் சும்மா நிக்கிறதுதான்."

வெட்கமோ வருத்தமோ இல்லாமல் சொன்னார். கொஞ்சம் கொடுங்கள் என்று வாங்கி, மீதிக் கம்பிகளில் விரலை ஓட்டினேன். துருவேறிச் சொரசொரவென்று இருந்தன. கையை இரண்டு முறை கழுவிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தும் விரலில் அந்த வாடை போகவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று பக்கத்து இலைக்காரம்மா கேட்டார். எனக்குக் கோபம். இருபது வருஷத்துக் கோபம்.

துருவும் வியர்வையும் கலந்த அந்த வாடை என் இருபத்தைந்து வயதின் வாடை. அப்போது இடையஞ்சாவடியில் ஒரு ஊதுபத்திக் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தேன். சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர், கொண்டுபோக முடியாத சாமானையெல்லாம் கம்பெனி வாசலில் வைத்துவிட்டுப் போனார். மற்ற பெண்கள் நாற்காலி, மிக்ஸி என்று அள்ளிக்கொண்டார்கள். நான் போவதற்குள் மிஞ்சியது ஒரு பாஸ் கிடாரும் குட்டி ஆம்ப்ளிஃபயரும்தான். மிக்ஸி கிடைக்காத ஆத்திரத்தில் எடுத்து வந்தேன். கலைத்தாகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேசட்டைப் போட்டுப் போட்டு நானே பழகினேன். அடுத்த வருஷம் மரக்காணத்துப் பாட்டுக்குழு ஒன்றில் சேர்ந்தேன். குழு மாஸ்டருடையது, கீபோர்டு வாசிப்பவரும் அவரே. சவுண்ட் செட் ஜாபருடையது. கூனிமேட்டுக்காரன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். அவனுடைய அண்ணன் ஷார்ஜாவில் இருந்தார். எனக்குக் கம்பி அங்கிருந்துதான் வரும்.

கம்பி என்றால் ஏதோ ஒரு கம்பி என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலில் வந்தது, மேலே உருண்டைக் கம்பி சுற்றிய ரகம். கணீரென்று பேசும். ஆனால் அந்தச் சுற்றுகளுக்கு நடுவே இருக்கிற பள்ளமெல்லாம் எங்கள் ஊர் உப்புக்காற்று குடியிருக்கவென்றே செய்தவை. பத்தே நாளில் சத்தம் செத்து, பிளாஸ்டிக் வாளியைத் தட்டுகிற மாதிரி ஆகிவிடும். அடுத்தது தட்டைக் கம்பி சுற்றிய ரகம். வழவழவென்று இருக்கும், விரல் நகரும்போது கீச்சிடாது, உப்பும் லேசில் ஏறாது. கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். பழைய பாட்டுக்கு அதுதான் அழகு. மாஸ்டருக்கோ புதுப் பாட்டில்தான் பிழைப்பு.

"கணீர்னு கேக்கணும்மா. கூட்டம் எந்திரிச்சு ஆடணும்," என்பார்.

கேட்க வேண்டுமாம். அந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரியென்று உருண்டைச் சுற்றுக்கே திரும்பினேன். அப்புறம் பருமன். மெல்லியதாக வாங்கினால் தொளதொளவென்று கிடந்து கட்டையில் பட்டு நரநரக்கும். தடிமனாக வாங்கினால் சத்தம் அடிவயிற்றிலிருந்து வரும், ஆனால் அது இழுக்கிற இழுப்பில் கிடாரின் கழுத்து வளைந்துவிடும். நான் தடிமன் கட்சி. கழுத்தை நிமிர்த்த பைக் மெக்கானிக்கிடம் ஆலன் சாவி இரவல் வாங்கி, கழுத்துக்குள் இருக்கும் திருகைக் கால் சுற்று திருப்பி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, மறுபடி கால் சுற்று திருப்புவேன். விரல் நுனியெல்லாம் காய்த்துவிட்டது. உப்பு வாரி வாரிக் கை மரத்துப்போன என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எங்கூட அளத்துக்கு வந்திருந்தா கூலியாவது கெடச்சிருக்கும்," என்றாள்.

ஒரு முறை ஷார்ஜாவிலிருந்து கம்பி வரத் தாமதமானது. பழசு செத்துக் கிடந்தது. வேகவைத்தால் உள்ளே இருக்கும் அழுக்கு இறங்கி, கொஞ்ச நாளைக்குப் புதுசு போலப் பேசும் என்று ஜாபர் எங்கேயோ கேட்டு வந்து சொன்னான். உண்மைதான், ஊர் உலகமெல்லாம் செய்கிறார்கள். நல்ல தண்ணீரில் செய்கிறார்கள். எங்கள் வீட்டில் நல்ல தண்ணீர் நாளுக்கு நாலு குடம். அதில் கை வைத்ததுமே அம்மா பிடித்துக்கொண்டாள்.

"குடிக்கிற தண்ணியில கம்பிய வேக வைக்கிறியா? நல்லா இருக்குதுடி."

அடிபம்பில் பிடித்து வேகவைத்தேன். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. கம்பி மட்டும் வெந்தது. காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் பூத்திருந்ததைத் துணியால் துடைத்துவிட்டு, பெருமையாக மாட்டினேன். உப்பு விளைகிற ஊரில் பிறந்தவள் செய்கிற காரியமா இது?

நாலாம் நாள் சாயங்காலம் கோட்டக்குப்பத்தில் ஒரு வரவேற்பு. எப்போதும் போல என்னை முன்வரிசையில், மாஸ்டர் எடுத்துக்கொடுத்த சிவப்பு ஜிகினா சுடிதாரில் நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவது பாட்டில், சரணம் ஆரம்பிக்கிற இடத்தில் மேல் கம்பியை இழுத்து அடித்தேன். அடியில் துரு தின்றிருந்த இடத்தில் பட்டென்று அறுந்து என் புறங்கையில் அடித்தது. நான் நிறுத்திவிட்டேன். காலடியில் இருந்த என் குட்டி ஆம்ப்ளிஃபயரும் நின்றது.

பாஸ் நிற்கவில்லை.

பெரிய ஸ்பீக்கர்களில் அதே பாஸ், நான் வாசிக்க வேண்டிய அதே இடங்களில், கணீரென்று போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். மாஸ்டரின் இடது கை கீபோர்டின் கீழ்க்கட்டைகளில் நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்து, வாசி வாசி என்று தலையை ஆட்டினார்.

நான் வாசித்தேன். என் மீது எனக்குள்ள கோபம் இதற்குத்தான், இன்றுவரை தணியவில்லை. மீதிப் பாட்டு அத்தனையையும் மூன்று கம்பியில், தலையை ஆட்டி ஆட்டி வாசித்தேன். கடைசியில் கை தட்டினார்கள். குனிந்து கும்பிடு வேறு போட்டேன்.

இறங்கியதும் மாஸ்டரைப் பிடித்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே பொறுமையாகச் சொன்னார்.

"பொம்பளப் புள்ள பாஸ் வாசிக்குதுன்னுதாம்மா புக்கிங்கே வருது. நீ நின்னா போதும். சத்தத்துக்கு நான் இருக்கேன்ல."

"எத்தினி நாளா இப்படி?"

"மொதல்லேர்ந்தே அப்படித்தான்."

இரண்டு வருஷம். உருண்டையா தட்டையா, மெல்லிசா தடிமனா, கால் சுற்றா அரைச் சுற்றா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்ட சத்தமெல்லாம் என் காலடியைத் தாண்டவில்லை. என் ஒயரை சவுண்ட் மிக்ஸரில் செருகியவன் ஜாபர். அந்த ஒயருக்கான பொத்தானை மூடி வைத்திருந்தவனும் ஜாபர். அக்கா அக்கா என்று கம்பி வரவழைத்துக் கொடுத்த அதே ஜாபர். ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தவன் முன்னால் போய் நின்றேன். அவன் நிமிரவில்லை.

"மாஸ்டர் சொன்னாருக்கா, நான் இன்னா பண்றது? ஒரே ஒருவாட்டி தொறந்து விட்டேன். கூனிமேட்டுல எங்க மாமா கடை தொறந்தாங்கல்ல, அன்னிக்கு. ஒரு பாட்டு. மாஸ்டருக்கே தெரியல."

"எந்தப் பாட்டு?"

"யோசிச்சு சொல்றேன்க்கா."

அதற்குப் பிறகு நான் மேடை ஏறவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றவன் யோசிக்காமலே ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். போன மாதம் அந்தப் பந்தியிலிருந்து திரும்பியதும் நம்பரைத் தேடிப் பிடித்து வாட்ஸப்பில் கூப்பிட்டேன். இத்தனை வருஷம் கழித்து ஒருத்தி இதைக் கேட்கிறாளே என்று அவன் சிரிக்கவில்லை.

"வல்லாஹி, சத்தியமா ஞாபகம் இல்லக்கா. நல்லா இருந்துச்சு. அது மட்டும் ஞாபகம் இருக்குது."

நன்றாக இருந்ததாம். அப்புறம் ஏண்டா மூடினாய் என்று போனில் கத்தினேன்.

"பாட்டு முடிஞ்சிடுச்சுல்லக்கா," என்றான்.

இப்போது கம்பிக்கு ஷார்ஜா தேவையில்லை. போனில் தட்டினால் வாசலுக்கே வருகிறது. உருண்டை, தட்டை, உப்பு ஏறாமல் மேலே பூச்சு பூசியதுகூடக் கிடைக்கிறது. மாஸ்டரின் குழு எப்போதோ கலைந்துவிட்டது. ஜாபரின் மாமா கடை சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. நாங்கள் நின்று வாசித்த இடத்தின் மேல்தான் இப்போது பஸ் ஓடுகிறது. புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் அன்றைக்கு வாசித்த பாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, முன்சீட்டின் கம்பியில் விரலால் வாசித்துப் பார்க்கிறேன். எது என் பாட்டு என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று ஒரு வீம்பு. நல்ல அகலமான சாலை. ஒரு பல்லவி முடிவதற்குள் கூனிமேடு பின்னால் போய்விடுகிறது.