மலை வளைவை மறந்த நூல்

பிள்ளைகளே, நான் செஞ்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பங்குனியில் மனைவி, மகள், கைக்குழந்தையோடு காரில் முதுமலைக் காட்டுக்கும், பிறகு கோடியக்கரைக்கும் போகத் திட்டம் போட்டேன். வரைபடத்தில் நூலை நேராக இழுத்து அளந்தேன். "டிபன் சாப்ட்டு கிளம்பினா சாயங்காலம் காட்டுல டீ குடிக்கலாம்" என்றேன்.

ஏழாவது படிக்கும் மகள் சிரித்தாள். "இன்னா நைனா, நம்ம கடையிலருந்து ராஜகிரிக் கோட்டை உச்சிக்கு நேரா நூல் இழுத்தா கிட்டதான். ஏறும்போது நாக்கு தள்ளுதே!"

அவளே வளைவுக்கு வளைவு நூலை மடக்கி அளந்தாள். இருட்டிய பிறகுதான் போய்ச் சேருவோம் என்று தெரிந்தது. இரவில் விலங்குகள் நடமாடும் என்று அதற்குள் காட்டுச் சாலையை மூடிவிடுவார்கள். கைக்குழந்தையோடு நடுவழியில் நின்றிருப்போம்!

அடிவாரத்தில் தங்கி, காலையில் மலையேறினோம். குட்டியோடு ஒரு யானை சாலையைக் கடந்துபோனது. கோடியக்கரைக்கும் அவள் அளவுப்படிதான் போனோம். இப்போதெல்லாம் பயணம் என்றால் நூல் அவள் கையில். நான் புளிசாதம் கட்டுகிறேன்.