வெயில் பார்க்காத பச்சை

இது நிஜமாக நடந்தது. என் வீட்டுக்காரருக்கு நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இதில் நாலு நிமிடம் மட்டும் நான் என் காதாலேயே கேட்டது. அந்த நாலு நிமிடத்துக்கு எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன்.

பேய்க் கதை என்றால் ராத்திரி வேண்டும், மழை வேண்டும், கரண்ட் போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்கவும். இது நடந்தது பட்டப்பகலில். அதற்குக் காரணமும் அவருடைய தொழில்தான்.

அவர் ரயில் எஞ்சின் மாடல் செய்கிறவர். பொம்மை என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். முழங்கை நீளம்தான் இருக்கும். ஆனால் அசல் எஞ்சினில் எத்தனை திருகாணியோ அத்தனையும் இதிலும் இருக்கும். எல்லாவற்றையும்விட நிறம் முக்கியம். பட்டறையை விட்டு வெளியே வந்த முதல் நாள் அந்த எஞ்சின் என்ன நிறத்தில் இருந்ததோ, அதே நிறம் வேண்டும். பல்பு வெளிச்சம் நிறத்தைக் கெடுக்கும், பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். ஜன்னல் திரை வாங்கப் போனால்கூடத் துணியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடுவார். கடைக்காரர் பதறிக்கொண்டு பின்னால் ஓடி வருவார். நான் யாரோ எவளோ போலத் தள்ளி நிற்பேன்.

அந்த வருடம் ஒரு பச்சை அவரைப் பிடித்து ஆட்டியது. பழைய டீசல் எஞ்சின் ஒன்றின் பச்சை. புகைப்படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. பதினாலு அட்டைகளில் பதினாலு பச்சை கலந்து பூசி, சாப்பாட்டு மேஜை மேல் வரிசையாக வைத்திருந்தார். எனக்கு எல்லாம் ஒன்றுதான். அவருக்கு எதுவுமே சரியில்லை.

கடைசியில் அந்த வகை எஞ்சின் ஒன்று கூரை பாதி போன ஒரு ரயில்வே கொட்டகையில் நிற்பதாகத் துப்புக் கிடைத்தது. ஒரே ஒரு முறைதான் பெயின்ட் அடித்தார்களாம். ஓடவே இல்லையாம். ஏன் ஓடவில்லை என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு எதற்கு அதெல்லாம்? பச்சை கிடைத்தால் போதும். ரயில்வே ஆபீசுக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகக் காரில் கிளம்பினார்.

மூச்சிரைப்புக்கு அடிக்கிற இன்ஹேலரை மேஜை மேலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்.

கொட்டகையில் ஒரே ஒரு காவலாளி. எஞ்சினைக் காட்டிவிட்டு, அந்தக் கோடியில் இருந்த தன் நாற்காலிக்குப் போய்விட்டார். வெளிப்பக்கப் பச்சை வெயிலில் வெளுத்துச் சாம்பலாகிக் கிடந்தது. அது உதவாது. என் வீட்டுக்காரர் ஏணிப்படியில் ஏறி டிரைவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். மணி 11.31.

அவருக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்ததாம். கதவு உள்பக்கமாகத் திறந்து, சுவரோடு ஒட்டிக் கிடந்தது. வெளியே இருக்க வேண்டிய முகம் இத்தனை வருடமாக அறையின் நிழலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. வெயில் படாத பச்சை. நேற்று அடித்தது மாதிரி.

கதவு அசையாமல் இருக்க யாரோ கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு சுற்று இல்லை. ஏழெட்டுச் சுற்று.

வேறு யாராக இருந்தாலும் அப்படியே சுரண்டி எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள். இவருக்குத்தான் பகல் வெளிச்சம் வேண்டுமே! குறடால் கம்பியைத் திருகித் திருகி அவிழ்த்தார். கதவைப் பாதி இழுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார். குனிந்து, பையில் இருந்து பெயின்ட் கடை ஷேட் கார்டை எடுத்தார்.

கதவு அவர் கையை விட்டு நகர்ந்தது.

வேகமாக இல்லை. காற்றும் இல்லை. யாரோ வேலை முடிந்து, நிதானமாகச் சாத்துவது போல.

க்ளக்.

மணி 11.48.

முதலில் அவர் பயப்படவில்லை. எரிச்சல்தான் வந்தது. திறக்கலாம் என்று திரும்பினார். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. இத்தனை வருடம் சுவரைப் பார்த்துக் கிடந்த கதவின் உள்முகம் இப்போது அவரைப் பார்த்தது.

அதில் கைகள்.

பச்சை உள்ளங்கைகள். ஒன்றின் மேல் ஒன்றாக. இடுப்பு உயரத்தில், தலை உயரத்தில், கீழே தரையோரத்தில்... கீழே போகப் போக விரல்கள் இழுபட்டிருந்தன.

"வாட்ச்மேன்! கதவு மாட்டிக்கிச்சு!" என்று கத்தினார். குரல் அந்த இரும்புக்குள்ளேயே சுற்றியது. கண்ணாடிகளைத் திறக்கப் பார்த்தார். சட்டங்கள் துருப்பிடித்து இறுகிவிட்டிருந்தன. குறடால் ஓங்கி அடித்தார். கீறல்கூட விழவில்லை.

11.56. வெக்கை ஏறியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் அந்த வாசனை. ஈர பெயின்ட்.

சரக்... சரக்...

அகலமான பிரஷ் இழுபடும் சத்தம். முன் கண்ணாடியில், மேலிருந்து கீழாக ஒரு பச்சைப் பட்டை இறங்கியது. பக்கத்திலேயே இன்னொன்று. வெளியே யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தார். ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"யாருங்க அது? உள்ள ஆள் இருக்கேன்!"

சரக்... சரக்...

முதல் கண்ணாடி மூடிவிட்டது. இரண்டாவது ஆரம்பித்தது.

12.09. எனக்கு போன் வந்தது.

"ஏம்மா... கதவு சாத்திக்கிச்சு. உள்ள கைப்பிடி இல்ல. யாரோ கண்ணாடி மேல பெயின்ட் அடிக்கறாங்க..."

"பெயின்ட்டா? என்னங்க சொல்றீங்க?"

"மூச்சு முட்டுது. பையில இன்ஹேலர் காணோம்."

அது என் கண் முன்னால் இருந்தது. பதினாலு பச்சைகளுக்குப் பக்கத்தில்.

"பேசாதீங்க. உக்காருங்க. மெதுவா மூச்சு விடுங்க. நான் ஆபீசுக்குப் பேசறேன்."

அனுமதிக் கடிதத்தின் நகல் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. வீட்டு லேண்ட்லைனில் அந்த நம்பரை அழுத்தினேன். செல்போனை மறு காதிலிருந்து எடுக்கவில்லை. இந்த நாலு நிமிடத்தைத்தான் சொன்னேன். அவர் மூச்சு கேட்டது. கீச்... கீச்... என்று இழுத்தது.

அதற்குப் பின்னால் பிரஷ் சத்தம் கேட்டது. சரக்... சரக்...

கண்ணாடிக்கு வெளியே கேட்கிற சத்தம் இல்லை அது.

போனுக்குப் பக்கத்தில்.

அவருக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்கிறது. கடைசிக் கண்ணாடியில் பாதி வெளிச்சம் மிச்சம் இருந்தது. கையை நீட்டி அந்தப் பச்சையைத் தொட்டார்.

விரலில் ஒட்டியது.

பூச்சு உள்பக்கம் இருந்தது.

பிரஷும் உள்ளேதான் இருந்தது.

அவரோடு.

"ஏம்மா..." என்றார். அவ்வளவுதான். போன் கட்டாகிவிட்டது. 12.13.

இருட்டு.

சத்தம் நின்றது.

பிறகு... கழுத்துக்குப் பின்னால்... ஒரு மூச்சு. அவருடையது போலவே இழுத்து இழுத்து.

ஆபீசிலிருந்து தகவல் போய், 12.21-க்குக் காவலாளி கதவைத் தள்ளினார். ஒரே தள்ளில் திறந்துகொண்டதாம். கண்ணாடிகளில் தூசியைத் தவிர ஒன்றும் இல்லை. வெயில் உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஏணியில் எப்படி இறங்கினார் என்பது அவருக்கே நினைவில்லை. வெளியே மண்ணில் அரை மணி நேரம் உட்கார்ந்து, மூச்சு சீரானதும், நான் வருகிறேன் வருகிறேன் என்று போனில் கத்தக் கத்தக் காரை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார்.

வலது ஆள்காட்டி விரல் நுனி மட்டும் பச்சையாக இருந்தது. அதைக் கழுவுவதற்கு முன்னால் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? வெள்ளை அட்டை ஒன்றை எடுத்து அதில் அழுத்திவிட்டு, ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். எனக்கு அடிக்கலாம் போல் இருந்தது. கட்டிப்பிடித்து அழுதேன்.

அன்று ராத்திரி நடந்ததை ஒரு தடவை முழுக்கச் சொன்னார், அதோடு விட்டுவிட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பத்து நாள் கழித்து, அந்த ஆபீஸ் மூலமாகவே பெயின்ட் பட்டறையின் பழைய மேஸ்திரியைத் தேடிப் பிடித்துப் பேசினேன். வயதானவர். எஞ்சின் நம்பரைச் சொன்னதும் அதை ஒரு முறை திருப்பிச் சொன்னார்.

"எங்ககிட்ட நிறம் கலக்கறவர் ஒருத்தர் இருந்தாரும்மா. கலவைக்காரர்னுதான் கூப்பிடுவோம். கெட்டிக்காரர். பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னால கைப்பிடி எல்லாம் கழட்டிடுவோம். கண்ணாடிக்குப் பேப்பர் ஒட்டிடுவோம். அடிச்சு முடிச்சதும் கதவைச் சாத்திச் சூட்டறைக்குள்ள தள்ளிடுவோம், காயறதுக்கு. அன்னிக்கு அவர் ஏதோ ஒரு இடத்துல நிறம் சரியில்லன்னு டப்பாவும் பிரஷ்ஷுமா உள்ள ஏறியிருக்கார். எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போயிட்டார்னு நினைச்சோம்."

"அப்புறம்?"

"மூணாம் நாள் திறந்தோம். கதவு முழுக்க கை அடையாளம்."

"அவரு...?"

"இல்லம்மா. உள்ள யாரும் இல்ல. கதவு ஓரத்துப் பெயின்ட் விரிசல்கூட விடல. கண்ணாடில ஒட்டின பேப்பர் அப்படியே இருக்கு. ஆனா ஆளைக் காணோம். எங்க தேடியும் கிடைக்கல. அவர் அதுல இருந்து வெளிய வரவே இல்லம்மா. அந்தக் கதவு இனிமே யார் மேலயும் சாத்தக் கூடாதுன்னு நான்தான் கம்பி போட்டுக் கட்டினேன்."

கம்பியை என் வீட்டுக்காரர் அவிழ்த்ததைச் சொன்னேன். காவலாளி வந்து திறந்ததையும் சொன்னேன்.

"திறந்தப்போ..." மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "உங்க வீட்டுக்காரர் மட்டும்தானே வெளிய வந்தார்?"

போனை வைத்துவிட்டு உடனே கொட்டகைக்குப் பேசினேன். காவலாளியைக் கூப்பிடச் சொன்னேன். அன்றைக்கு எஞ்சினிலிருந்து யார் யார் இறங்கினார்கள் என்று கேட்டேன்.

"சார் முன்னால இறங்கினாரும்மா. அந்தப் பெரியவரைத்தான் நான் தாங்கிப் பிடிச்சு இறக்கினேன். பாவம், நிக்கவே முடியல அவரால. கையெல்லாம் பச்சை. நான் கோடிக்குப் போனப்புறம் சாரோட வந்து சேர்ந்தவர்தானே? உங்க கார்ல பின்சீட்டுல ஏத்தி விட்டதே நான்தான்."