கடையின் முகவரிக்கு வந்த அறிவித்தல்கள்

சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்துறைமுக வீதியால் ஓர்ஸ் ஹில் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சேட், ஒரு சாரம், ஒரு ஸ்குறூ ட்றைவர். வேலை போய் அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. அது எனக்குப் புதிதல்ல. புல்மோட்டையில் மணல் வேலையிலிருந்தும் கிண்ணியாவில் அரிசி ஆலையிலிருந்தும் இப்படித்தான் பையோடு நடந்திருக்கிறேன். இந்த முறை நான் நடந்தது வேறு வேலை தேடி அல்ல. ஒரு தாயிடம் இரண்டு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லப் போய்க்கொண்டிருந்தேன்.

நான் வேலை செய்தது பிரதான வீதியில் ஒரு கொமியுனிகேசன் கடை. இரண்டு தொலைபேசி, மூன்று கம்பியூட்டர். வெளிநாட்டில் இருப்பவர்கள் கடையின் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதுவார்கள். நாங்கள் அதை அச்செடுத்து மடித்து, வீட்டுக்காரர் வரும்போது கொடுப்போம். பாதி ஊருக்கு அந்த ஒரு மின்னஞ்சல் பெட்டிதான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கம்பியூட்டரைக் கழற்றிப் பூட்டித்தான் பழகினேன். ஓய்வு நேரத்தில் ஒரு இலவச எழுதும் மென்பொருளில் ஒட்டிக்கொண்டேன். உலகத்தில் எவரும் அதைத் திருத்த உதவலாம். பிழை கண்டால் அதன் குறைப் பதிவேட்டில் எழுதலாம். எழுதியதும் அந்தக் குறைக்கு ஒரு இலக்கமும் ஒரு பக்கமும் கிடைக்கும். தமிழில் ‘கெ’ எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. நான் அதைப் பதிந்தேன். எங்கோ ஒரு தேசத்திலிருந்து ஒருவர் நன்றி என்று பதில் போட்டார். அதற்கு முன் யாரும் என் வேலைக்கு எழுத்தில் நன்றி சொன்னதில்லை.

என் சொந்த முகவரி, ஒரு மாதம் திறக்காததால் மூடப்பட்டிருந்தது. அதனால் கடை முகவரியைக் கொடுத்தேன். எதையும் தவறவிடக் கூடாது என்று, எல்லாக் குறைகளையும் பின்தொடர்கிறேன் என்ற கட்டத்தையும் அழுத்தினேன். அதன் பிறகு பதிவேட்டில் யார் ஒரு வரி எழுதினாலும் கடைப் பெட்டிக்கு ஒரு அறிவித்தல் வந்தது. முதலில் நாளுக்குப் பத்து. பிறகு ஐம்பது, அறுபது. எங்கள் முதலாளி முஸ்லிம்; நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கடைக்கு வருமுன் அழித்துவிடுவேன். மத்தியானம் ஒருமுறை, பூட்டுமுன் ஒருமுறை. பெட்டி சின்னது, நிரம்பினால் வருகிற கடிதங்களைத் திருப்பி அனுப்பிவிடும் என்று எனக்குத் தெரியும். கட்டத்தை எடுத்துவிட்டிருக்கலாம். எடுக்கவில்லை.

சண்டை மறுபடி தொடங்கிய வருடம் அது. ஒரு வெள்ளிக்கிழமை ஊரடங்கு போட்டார்கள். தொலைபேசிக் கோடுகளும் செத்தன. மூன்று நாள் கடை திறக்கவில்லை. அந்த மூன்று நாளில்தான் அந்த மென்பொருளின் புதிய பதிப்புக்கு ஆயத்தம் செய்த ஒருவர் பழைய குறைகளையெல்லாம் ஒரே மூச்சில் இடம் மாற்றியிருக்கிறார். ஒரு மாற்றத்துக்கு ஒரு அறிவித்தல். திங்கட்கிழமை நான் திறந்தபோது பெட்டி கழுத்துவரை நிரம்பியிருந்தது. மேலும் கீழும் தேடினேன். வீட்டுக் கடிதம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் அழித்தேன்.

அன்று பத்து மணிக்கு, மகனின் கடிதம் கேட்டு வழமையாக வரும் அக்கா வந்தா. ஓர்ஸ் ஹில்லில் ஒரு அலுவலகக் குசினியில் சமைப்பவ. அவவின் மகனுக்குப் பத்தொன்பது வயது. ஏஜென்ற் ஒருவரோடு வெளிநாடு போக வெளிக்கிட்டிருந்தான். கடைசியாக எழுதி மூன்று கிழமை. இன்னும் ஒரு எல்லை இருக்கிறது, கடந்ததும் எழுதுகிறேன் என்றிருந்தான்.

“ஏதும் வந்ததோ தம்பி?”

“இல்லை அக்கா.”

செவ்வாயும் அதையே சொன்னேன். புதன்கிழமை கனடாவிலிருந்து யாரோ நானாவுக்குத் தொலைபேசி எடுத்து, வார இறுதியில் அனுப்பியதெல்லாம் திரும்பி வந்ததே, கடையை இழுத்து மூடிவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். நானா என்னைக் கூப்பிட்டார். நான் மறைக்கவில்லை.

“இது என்ட பெட்டி இல்ல தம்பி, ஊர்ட பெட்டி. அதுக்குள்ள எங்கயோ உள்ளவங்கட கொம்பக் கொண்டுவந்து கொட்டியிருக்கியே” என்றார். சத்தம் போடவில்லை. “அந்தப் பிள்ளட உம்மாக்கு நான் என்னண்டு செல்ற? நீயே போய்ச் செல்லு. இஞ்ச இனி வராத.”

அக்கா குசினியின் பின்வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. நின்றபடி சொல்லி முடித்தேன். அவ கத்தியைக் கீழே வைத்தா.

“அப்ப அவன் எழுதியிருந்தா திரும்பிப் போயிருக்கும்.”

“ஓம் அக்கா.”

“எழுதாமலும் இருந்திருக்கலாம்.”

“ஓம்.”

“எது எண்டு உமக்குத் தெரியாது.”

“தெரியாது.”

வெங்காயத் தோலைக் காலால் ஒதுக்கினா. “கடிதம் திரும்பி வந்தா அவன் சும்மா இருக்கமாட்டான். வேறை எங்கயும் எழுதிப் பாப்பான். அவனுக்கு உங்கட கடையை விட்டா வேறை என்ன தெரியும்?”

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. போகுமுன் அவன் அடிக்கடி கடைக்கு வந்து என் பக்கத்தில் இருந்துகொள்வான். அந்தக் கொம்புப் பிழையைப் படம் பிடித்துப் பதிவேட்டில் ஏற்ற உதவியது அவன்தான். அந்தப் பக்கம் அவனுக்குத் தெரியும். அதில் அவன் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த அறிவித்தலும் நிரம்பிய பெட்டியில் மோதித் திரும்பியிருக்கும், அல்லது நான் அழித்த குவியலுக்குள் போயிருக்கும்.

பஸ் நிலையத்தருகே இன்னொரு கடை இருந்தது. போய்ச் சேர்ந்தபோது அதன் முதலாளி கதவுப் பலகை போட்டுக்கொண்டிருந்தார். ஆறுக்கு ஊரடங்கு. “இன்ரநெற் இனி இல்லை. நாளைக்கு வாரும்” என்றார். அன்றிரவு பஸ் நிலையத்துக்குப் பின்னால் தெரிந்தவர் ஒருவரின் சைக்கிள் கடையில் படுத்தேன். தூங்கினேன் என்று சொல்ல ஏலாது.

விடிய ஏழு மணிக்கு அந்தக் கடை வாசலில் நின்றேன். கரண்ட் இல்லை. முதலாளி ஜெனரேற்றர் கயிற்றை இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார்.

“இதைப் பாக்க வேலைக்கு நிண்டவன் கொழும்புக்கு ஓடீட்டான்.”

“நான் ஸ்ராட் பண்ணித் தாறன். பத்து நிமிசம் ஒரு கம்பியூட்டரைத் தாங்கோ.”

மூன்றாம் இழுப்பில் பிடித்தது. எஞ்சினின் சோக் பிடியைப் பாதியில் பிடித்து வைக்காவிட்டால் இரைந்து நின்றுவிடும். ஒரு கம்பியால் கட்டி வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வேலைக்கு நிக்கிறீரோ?”

“நிக்கிறன்.”

கம்பியூட்டரில் அந்தக் குறையின் பக்கத்தைத் திறந்தேன். அது மேலிருந்து வரி வரியாக இறங்கியது. என் கொம்பு. என் படம். நன்றி. அதன் கீழே, ஆங்கில எழுத்தில் தமிழ்:

“அண்ணை, கடை ஈமெயில் திரும்பி வருது. நான் வந்து சேந்திட்டன். கீழை போட்டிருக்கிற நம்பர் வியாழன் வரைக்கும்தான், பிறகு வேறை இடத்துக்குக் கொண்டு போறாங்கள். அம்மாவை அதுக்கு எடுக்கச் சொல்லுங்கோ.”

அதற்குக் கீழே யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: இது இந்தக் குறையோடு தொடர்பில்லாதது, தயவுசெய்து இங்கே எழுத வேண்டாம்.

அன்று வியாழன்.

இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வெளியே ஓடினேன். “வேலைக்கு வந்து கால் மணித்தியாலமும் ஆகேல்லை, எங்கை ஓடுறீர்?” என்று முதலாளி கூப்பிட்டது பின்னால் கேட்டது. ஓர்ஸ் ஹில்லுக்குப் போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வர ஒரு மணித்தியாலம் பிடித்தது. சாவடியில் நீண்ட வரிசை. அக்கா அடையாள அட்டையைக் குசினியில் மறந்து வந்து, திரும்பிப் போய் எடுத்தா. கடையில் இருந்தது கம்பியில்லாத் தொலைபேசி. கரண்ட் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அவ கண்ணாடிக் கூட்டுக்குள் போய், நான் எழுதிக் கொடுத்த துண்டைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினா.

அந்த நேரம் கட்டிய கம்பி கழன்றது. வெளியே ஓடிச் சோக்கைக் கையால் பிடித்துக்கொண்டு குந்தினேன். சூடு ஏறியது. விடவில்லை. கண்ணாடிக்குள் அக்காவின் முதுகுதான் தெரிந்தது. வாய் அசைகிறதா, மணி அடித்துக்கொண்டே இருக்கிறதா, தெரியவில்லை. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவ மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, சத்தத்தைக் குறைக்கும்படி சைகை காட்டினா. குறைத்தால் நின்றுவிடும் என்று தலையாட்டினேன். அவ குனிந்து பேசத் தொடங்கினா.