ஈரமில்லாத மரத்தூள்

எங்கள் வீட்டில் சொந்தமாகக் கக்கூஸ் வைத்திருப்பது பூனை மட்டும்தான். நானும் என் கணவரும் சந்து முனையில் இருக்கும் பொதுக் கக்கூஸுக்குத்தான் போகிறோம். வாளியைப் பிடித்துக்கொண்டு நான் வரிசையில் நிற்கிற நேரத்தில், வீட்டில் அந்தத் துரை தன் நீலத் தொட்டிக்குள் ஏறி, நிதானமாகத் தோண்டி, காரியத்தை முடித்து, மரத்தூளைத் தள்ளி மூடிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும். பின்னால் அள்ளுவதற்கு ஆள் இருக்கிறது என்று அதற்கு நன்றாகத் தெரியும். அந்த ஆள் நான்.

தாராவியில் எங்களுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டே அறை. கீழே கணவரின் கார்கானா, சின்னத் தையல் பட்டறை. பள்ளிக்கூடப் பை தைக்கிறார். இரும்பு ஏணியில் ஏறினால் மேலே வீடு. சமையல், படுக்கை, தொழுகை எல்லாம் அந்த ஓர் அறைக்குள்தான். மூலையில் முழங்கால் உயரச் சுவர் வைத்த மோரி. குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் அதில். மோரிக்கும் ஏணிக்கும் நடுவே மிச்சமிருந்த இடத்தைத்தான் பூனைக்குக் கொடுத்தோம்.

பூனையைக் கொண்டுவந்தது மகள். கல்லூரியின் கடைசி வருஷம், மழையில் நனைந்த குட்டி ஒன்றைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு ஏணியில் ஏறி வந்தாள். என் கணவர் அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“பூனை வாய் வச்ச தண்ணியில கை கால் கழுவி ஒளுகூட எடுக்கலாம், அதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அது மூத்திரம் பாயில பட்டா எங்க நின்னு தொழுவ? இருக்கதே ஒரு ரூமு. நாளைக்கே கொண்டு விட்டுரு” என்றார்.

மறுநாள் அவரே ஒரு நீல பிளாஸ்டிக் கேனைக் குறுக்கே அறுத்துத் தொட்டி ஆக்கினார். அறுத்த விளிம்பு குட்டியின் வயிற்றைக் கீறுமாம். அதனால் பைகளுக்கு ஓரம் கட்டுகிற ரெக்சின் பட்டையை எடுத்து விளிம்பைச் சுற்றி வைத்து, ஊசியால் குத்திக் குத்திக் கையாலேயே தைத்தார். ஒரு மணி நேரம் பிடித்தது. எனக்கு ஒரு தலையணை உறை தைத்துத் தரச் சொல்லி மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை.

இரண்டு சந்து தள்ளி இருக்கிற தச்சுப் பட்டறையிலிருந்து மரத்தூள் வந்தது. அள்ளுவதற்கு என் சமையல் சாமான்களிலிருந்து பூரி எடுக்கிற ஜல்லிக் கரண்டி போயிற்று. மகள் இருந்தவரை அவள்தான் அள்ளினாள். பிறகு அவளுக்குக் கல்யாண் என்கிற ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. அங்கே அவள் மாமியாருக்கு மூச்சிரைப்பு. பூனை ரோமம் ஆகாது. புறப்படுகிற அன்று, கையில் மருதாணியோடு, அந்த ஜல்லிக் கரண்டியை என்னிடம் கொடுத்தாள். நான் நகைப் பெட்டிச் சாவியைக் கொடுத்தபோதுகூட அவள் அப்படிக் கண் கலங்கவில்லை.

“உம்மா, நாள் தவறாம அள்ளணும். ப்ராமிஸ்?”

“போடி, சின்னப் பிள்ளையில உனக்கு அள்ளலியா?” என்றேன். சத்தியம் செய்ததாக அவள் எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கல்யாண் ஸ்டேஷன் பிளாட்பாரத்திலிருந்து போன் வரும். விக்ரோலியில் அவளுக்கு ஆபீஸ். வண்டிக்குள் ஏறிவிட்டால் கையை அசைக்க இடமிருக்காது என்பதால் வண்டி வருவதற்குள் பேசி முடிப்பாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்பதற்கு முன்னால், “உம்மா, அள்ளியாச்சா? போயிருக்கானா?” என்று கேட்பாள். “ஆச்சு, போயிருக்கு” என்பேன். அதோடு வண்டி வந்துவிடும்.

முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அள்ளினேன். திட்டாமல் ஒரு நாளும் அள்ளியதில்லை. ஆனால் தினமும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் தானாகவே பழகிவிடுகிறது. மரத்தூள் எங்கே கறுத்துக் கட்டியாகியிருக்கிறதோ அங்கே ஈரம். காலையில் இரண்டு ஈரம் இருக்க வேண்டும், கெட்டியாக ஒன்று இருக்க வேண்டும். முந்தின நாள் மீன் தலை கிடைத்ததா, வெறும் சோறுதானா என்பதுகூட எனக்கு அதிலேயே தெரிந்துவிடும். எல்லாவற்றையும் பழைய பேப்பரில் சுருட்டி, மேலே வெங்காயத் தோலைப் போட்டு மறைத்து, சந்து முனைக் குப்பையில் கொட்டிவிட்டு வருவேன். கடைசியில் புது மரத்தூளை ஒரு கைப்பிடி எடுத்துத் தூவிவிட்டால்தான் எனக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

ஒரு நாள் காலையில் தண்ணீர் பிடித்து முடித்துவிட்டுத் தொட்டிக்குப் போனால், ஏற்கெனவே அள்ளியிருந்தது. புது மரத்தூளும் தூவியிருந்தது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் அள்ளவில்லை என்றால் அவர்தான். விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குக் கிளம்பும்போது சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். பூனை வேண்டாம் என்று சொன்ன மனுஷன் அல்லவா, எப்படிச் சொல்வார்? நானும் கேட்கவில்லை. கக்கூஸ் சங்கதியைப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. முப்பது வருஷமாக அவரும் சரி, நானும் சரி, வாளியைத் தூக்கினால் “வெளிய போயிட்டு வாரேன்” என்பதோடு சரி.

அப்புறம் சில நாள் அவர் அள்ளுவார், சில நாள் நான். அதற்கென்று முறை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. போய்ப் பார்ப்பேன், சுத்தமாக இருந்தால் அவர் உபயம் என்று நினைத்து, என் பங்குக்கு ஒரு கைப்பிடி மரத்தூளைத் தூவிவிட்டு வந்துவிடுவேன். அவரும் அப்படியேதான் செய்திருக்கிறார். மகள் போனில் கேட்டால் “ஆச்சு” என்று எல்லாப் பெருமையையும் நானே எடுத்துக்கொள்வேன். வாப்பாவும் அள்ளுகிறார் என்று ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை. அது என் அற்பத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரங்கள். எங்களுக்கு அதுதான் சீசன். கீழே நிற்க இடமில்லாமல் பை குவிந்து கிடந்தது. நானும் இறங்கிப் போய் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். சோறு வடித்து இறக்கவும் தொழவும்தான் மேலே ஏறினேன். அந்த நாட்களில் ஒரு காலையில் தொட்டி சுத்தமாக இருந்தது. இத்தனை வேலைக்கு நடுவிலும் மனுஷன் அள்ளியிருக்கிறாரே என்று மனசு இளகிப்போயிற்று. ஒரு பிடி மரத்தூளைத் தூவினேன். போன் வந்தது. “ஆச்சு” என்றேன்.

மறுநாளும் சுத்தமாகவே இருந்தது. பூனை மட்டும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. எழுந்து போகும், திரும்பி வரும், மறுபடி உட்காரும். எனக்குக் கீழே வேலை கிடந்தது.

“ஏலே, உள்ளயே குடியிருக்கப் போறியா? எந்திரிலே” என்று துடைப்பத்தால் தட்டிவிட்டேன். அது ஏணிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. போன் வந்தது. “ஆச்சு, போயிருக்கு” என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினேன். துடைப்பத்தால் தட்டிய அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் தொழுவதற்காக மேலே போன என் கணவர் பூனையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கி வந்தார். வாயில் நுரை, தலை தொங்கிக் கிடந்தது. வயிற்றில் அவர் கை பட்டதும் ஒரு குரல் கொடுத்தது. பச்சைப் பிள்ளை அழுகிற மாதிரி இருந்தது.

“என்னளா இது? வாந்தி எடுத்துக் கிடக்கான். வயிறு கல்லு மாதிரி இருக்கு.”

“காலையில நீங்க அள்ளும்போது ஒண்ணும் பாக்கலியா?” என்று கேட்டேன்.

“நான் எங்க அள்ளுனேன்? ரெண்டு நாளா நீதான அள்ளுத?”

“நானா? நீங்க அள்ளிட்டியன்னுல்லா இருந்தேன்!”

“புது மரத்தூளு கெடந்துச்சேளா” என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் தூவியதை அவர் பார்த்திருக்கிறார், அவர் தூவியதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு நாளாக அந்தத் தொட்டியில் அள்ளுவதற்கு ஒன்றுமே இல்லை. இரண்டு நாளாக அது ஒரு சொட்டு மூத்திரம் போகவில்லை.

அவர் தைத்து முடிக்காத பை ஒன்றை எடுத்து, அடியில் தன் துண்டை மடித்துப் போட்டு, பூனையை உள்ளே வைத்தார். குவிந்து கிடந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கார்கானாவைச் சாத்தினோம். சீசனில் பகல் நேரத்தில் அந்தக் கதவு சாத்தியதை அன்றுதான் பார்த்தேன். டாக்ஸி பிடித்துச் செம்பூரில் இருக்கிற ஒரு மிருக டாக்டரிடம் போனோம். வழி முழுக்க அவர் உதடு எதையோ ஓதிக்கொண்டே இருந்தது.

டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே அவள் முகம் மாறிவிட்டது. கடைசியாக எப்போது மூத்திரம் போனது என்று ஹிந்தியில் கேட்டாள். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தொட்டியை வீட்டில் யார் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டாள். “நான்” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அவள் சிரிக்கவில்லை. ஆண் பூனைகளுக்கு இப்படி வழி அடைத்துக்கொள்வது உண்டு, குழாய் செருகி எடுக்க வேண்டும், இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, இப்போதும் உறுதி சொல்ல மாட்டேன் என்றாள். உள்ளே தூக்கிக்கொண்டு போய்க் கதவை மூடிவிட்டாள்.

மகளுக்கு நான்தான் போன் செய்தேன். விக்ரோலியிலிருந்து ஆட்டோ பிடித்து ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்க ஓடி வந்தாள். மழுப்பிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

“ரெண்டு நாளும் நான் அள்ளலம்மா. வாப்பா அள்ளிட்டாவன்னு நெனச்சிட்டு, ஆச்சுன்னு சொல்லிட்டேன்” என்றேன்.

அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டினாள். பிறகு, “நான் சும்மா பேச்சுக்கா உம்மா டெய்லி கேட்டேன்?” என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அப்புறம்தான் நான் சொன்னதில் பாதி அவளுக்கு உறைத்தது. வாப்பா பக்கம் திரும்பினாள். “நீங்களும் அள்ளுறீங்களா வாப்பா?” என்றாள். அவர் கீழே குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சுவர் ஓரமாக நின்றேன். அவருக்குச் சேர வேண்டியது இப்போதாவது சேர்ந்ததே, எனக்கு அது போதும் என்றிருந்தது.

மூன்று நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். குழாயை எடுத்தபின் அங்கே மூத்திரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது டாக்டர் சொன்னது ஒன்றுதான்: மறுபடி அடைத்துக்கொள்ளலாம், இன்றைக்குத் தானாக ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள், போகாவிட்டால் உடனே கொண்டுவந்துவிடுங்கள்.

தொட்டியைக் கழுவி, காயவைத்து, புது மரத்தூள் கொட்டி வைத்திருந்தேன். பூனை பையிலிருந்து இறங்கி, தண்ணீரை நக்கிவிட்டு, பாயில் போய்ப் படுத்தது. எப்போதும் தொழுகைப் பாயில் ஏறினால் விரட்டுகிறவர், அன்றைக்கு ஒதுங்கி வெறும் தரையில் நின்று சாயங்கால அஸர் தொழுதார். நான் கீழே இறங்கி நூல் வெட்ட உட்கார்ந்தேன். கத்திரிக்கோல் கையில் இருந்ததே தவிர வேலை ஓடவில்லை. காது மேலேயே இருந்தது. ஒரு மணி நேரம் போயிற்று, இன்னொரு அரை மணி போயிற்று.

“ஏளா! போயிட்டான்! மேல வா, ஒண்ணுக்குப் போயிட்டான்!”

சந்து முழுக்கக் கேட்டது. முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எதிர் வீட்டுக்காரி தலையை நீட்டி, “யாரு போனா, என்ன ஆச்சு?” என்று பதறினாள். நான் ஏணியில் ஏறினேன்.

அவர் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். மரத்தூளின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த ஈரம் இருந்தது. பூனை வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல் போய் உட்கார்ந்து தன் காலை நக்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பழக்கத்தில் ஜல்லிக் கரண்டியை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“இருக்கட்டும்ளா. பிள்ள பாக்கட்டும்.”

மகளுக்கு வீடியோ போட்டார். அவள் கல்யாண் வண்டியில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். திரையில் அவள் நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன. பூனை எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவர் போனைத் தொட்டிக்குள் தாழ்த்தி அந்த ஈரத்தைக் காட்டினார். அவ்வளவு பேருக்கு நடுவில் அவள் ஓவென்று அழுவது எங்களுக்குக் கேட்டது.