குழாயில் எழுதிய என் நம்பர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, அபுதாபி முசஃபாவில் குழாய்கள் செய்யும் ஒரு வொர்க்‌ஷாப்பில் ஹெல்பராக இருந்தேன். அதற்கு முன் திருப்பூர், பெங்களூர், மஸ்கட் என்று சுற்றியவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. கைக்கு வெல்டிங் தெரியும். அதைச் சொல்லக் காகிதம் இல்லை.

எங்கள் வொர்க்‌ஷாப்பில் ஒரு முறை உண்டு. குழாய் இணைப்பைப் பற்றவைத்த வெல்டர், அதன் பக்கத்தில் பெயிண்ட் மார்க்கரால் கம்பெனி கொடுத்த தன் நம்பரை எழுத வேண்டும். நான் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் ஹெல்பர். அவருக்கு முதுகுவலி. குனிந்து செய்ய வேண்டியதையெல்லாம் நான் பற்றவைப்பேன். அவர் தன் நம்பரை எழுதுவார். இரண்டு வருடம் இப்படியே போனது. இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்துச் சோதிப்பார்கள்; குறை என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கெட்டிக்கார வெல்டர் என்று அவருக்குப் பெயர்.

அப்போது கம்பெனியில் வெல்டர் பயிற்சி அறிவித்தார்கள். முடித்து டெஸ்ட்டில் தேறினால் சர்டிபிகேட், வெல்டர் வேலை. ஓடிப்போய் ஃபோர்மேனிடம் விண்ணப்பப் பாரம் கேட்டேன். அவர் மதுரைப் பக்கத்துக்காரர்.

"பத்தாங்கிளாஸ் மார்க்‌ஷீட் இருக்கா?"

"இல்லண்ணே. வேணும்னா கையப் பாருங்க."

"கையப் பாக்க நான் என்ன ஜோசியக்காரனா? போயி கிரைண்டிங்கப் பாரு."

பயிற்சிக்கு எடுத்த ஆறு பேரும் புதிதாக வந்தவர்கள். வெல்டிங் டார்ச்சைத் தொட்டே பார்க்காதவர்கள். அதை எப்படிப் பிடிப்பது என்று அவர்களுக்குக் காட்டச் சொல்லி, முதல் நாள் என்னையே அனுப்பினார் ஃபோர்மேன். காட்டினேன். திரும்பி வந்து, அன்று நான் பற்றவைத்த இணைப்பின் பக்கத்தில் என் ஹெல்பர் நம்பரைப் பெரிதாக எழுதினேன்.

நான்காம் நாள் எக்ஸ்ரே ஃபிலிம் வந்தது. வேலை சுத்தம். ஆனால் வெல்டர் பட்டியலில் அந்த நம்பர் இல்லை. வெளியிலிருந்து சோதனைக்கு வரும் இன்ஸ்பெக்டர் இந்திக்காரர். எல்லோரையும் குழாய் அருகே கூப்பிட்டு, இது யார் நம்பர் என்று கேட்டார்.

"மேரா," என்றேன். என்னுடையது.

ஃபோர்மேன் என் காதருகே வந்தார். "வெளையாட்டுக்குக் கிறுக்கிட்டேன்னு சொல்லுடா. இல்ல, டிக்கெட்டப் போட்டு ஊருக்கு ஏத்திருவேன்."

ஊரில் எனக்கென்று ஒரு வேலையும் காத்திருக்கவில்லை. ஆனாலும் மாற்றிச் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் அண்ணனைப் பார்த்தார். "நான்தான் செய்தேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை முடிந்தது. அண்ணனோ, தான் செய்யவில்லை, இவன்தான் என்று பாதி இந்தியில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "எழுதிறதுக்கு முன்னம் எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ, தம்பி," என்றார்.

அதுதான் சுட்டது. என் கோபத்தில், அவர் பிழைப்புக்கும் உலை வைக்கிறேன் என்று நான் யோசிக்கவே இல்லை.

இணைப்பை வெட்டி எடுக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். டெஸ்ட்டில் தேறாதவன் செய்த வேலை குழாயில் இருக்கக் கூடாது. அது சரிதான். நானே வெட்டினேன். வெட்டிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டே, டெஸ்ட்டுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும் என்று உங்கள் விதியில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் ஃபிலிமை இன்னொரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கேயும் இல்லை, அது உங்கள் கம்பெனி போட்டது என்றார். அப்படியானால் எனக்கும் ஒரு டெஸ்ட் வையுங்கள் என்றேன்.

மறுவாரம் வைத்தார்கள். நான் பற்றவைத்த குழாயிலிருந்து நான்கு பட்டைகளை அறுத்து, இயந்திரத்தில் லாடம்போல வளைத்தார்கள். ஒன்றிலும் விரிசல் இல்லை. "தலக்கனம் புடிச்ச பய" என்று முனகிக்கொண்டே ஃபோர்மேன் என் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், வேலை தப்பியது.

இப்போது அல் ஐனில் வேறு கம்பெனியில் வெல்டராக இருக்கிறேன். இங்கேயும் பயிற்சிப் பாரத்தில் அதே பத்தாம் வகுப்பு வரி. அறிவிப்பு ஒட்டும்போதெல்லாம் ஆபீஸுக்குப் போய், இது எந்த விதியில் இருக்கிறது என்று கேட்கிறேன். கம்பெனி வழக்கம் என்கிறார்கள். நான் கேட்பதை விடுவதில்லை.

அன்று வெட்டிய துண்டு என் நம்பரோடு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லாததற்கு வெட்கப்படுகிறேன். எழுதியதற்கு ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.