பி.காம். படித்தவனின் கைப்புண்

மதுரையில் பி.காம். முடித்ததும் விருதுநகரில் ஓர் ஆடிட்டரிடம் சேர்ந்தேன். கணக்குப் பார்ப்பதோடு முதலாளிகளுக்கு யோசனை சொல்வதும் எங்கள் தொழில். எண்ணெய் மில்லில் போய் எப்போது சரக்கு வாங்கலாம் என்போம். பட்டாசுக் கம்பெனியில் போய் சீசனுக்கு எப்படி ஆள் சேர்க்கலாம் என்போம். எங்களுக்குச் செக்கும் தெரியாது, வெடிமருந்தும் தெரியாது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஊருக்கு உபதேசம். அவர்களும் மோர் கொடுத்து மரியாதையாகக் கேட்டுவிட்டு, தங்கள் இஷ்டப்படி செய்வார்கள். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்படி யோசனை சொல்லப் போன சிவகாசி அச்சகம் ஒன்றில்தான் புதிதாக வந்திறங்கிய ஆப்செட் மெஷினைப் பார்த்தேன். துத்தநாகத் தகட்டில் இருந்த படம் பளபளவென்று பட்டாசு லேபிளாக வந்து விழுந்தது. வந்த வேலையை விட்டுவிட்டு, தகடு தயாரிக்கும் பிரிவில் எனக்கு இடம் உண்டா என்று முதலாளியிடம் கேட்டேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. பட்டதாரி யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேலி இல்லை என்று தெரிந்ததும் சேர்த்துக்கொண்டார்.

அப்பா இல்லாத வீடு. அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "பி.காம். படிச்சிட்டு தகடு களுவவா போற? ஏலே, புத்தி பெரண்டு போச்சா?" என்று திட்டித் தீர்த்தாள். தங்கை டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தாள். ஆமத்தூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவருக்கு அவளைப் பேசி வைத்திருந்தார்கள். அவளுக்கும் அவரைப் பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை, அவர் பேச்சு வந்தாலே எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள்.

முட்டை வெள்ளைக்கருவில் பைக்ரோமேட் என்கிற ஆரஞ்சு நிற உப்பைக் கலந்து தகட்டில் பூசுவதுதான் என் வேலை. வெறுங்கைதான். கையுறை என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் விரல் கணுக்களில் குழி குழியாகப் புண் விழுந்தது. ஆறவே இல்லை. சுற்றிலும் தோல் தடித்து நிறம் மாறியது. எங்கள் பக்கத்தில் விரலில் ஆறாத புண் என்றால் அதற்கு ஒரே பெயர்தான், பெருவியாதி என்கிற தொழுநோய்.

அம்மாவுக்கும் பயம் வந்துவிட்டது. அந்த நோயில் உணர்ச்சி செத்துப்போகும் என்பதால், குண்டூசியை எடுத்து என் விரலில் குத்தினாள்.

"வலிக்குதாலே?"

"உசிரு போகுதும்மா."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று அழுதாள்.

மாப்பிள்ளையின் அம்மா ஒருநாள் வந்தார். "மதினி, கோவப்படாதீக. ஒங்க மகன் கையப் பத்தி பஸ்ஸுல எல்லாம் பேசுதாக" என்றார். அம்மா எவ்வளவோ விளக்கினாள். அவர் தலையை ஆட்டினாரே தவிர, கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

பெரிய டாக்டர் வாயால் சொன்னால் நம்புவார்கள் என்று அம்மா நினைத்தாள். "மடியில கனமில்ல, வளியில என்ன பயம்?" என்று சொல்லி, தொழுநோய் ஆஸ்பத்திரிக்கே என்னை அழைத்துப் போனாள். டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சிரித்தார். தகட்டில் பூசும் மருந்து பட்ட புண், வேலையை விட்டால் ஆறிவிடும் என்றார். அவர் சொன்னது எங்கள் இருவர் காதில் மட்டும் விழுந்தது. நான் அந்த வாசலில் வரிசையில் நின்றதையோ ஊரே பார்த்துவிட்டது. நோய் இல்லை என்று காட்டப் போன இடத்திலேயே நோயாளியாகி விட்டேன்.

வேலையை விட்டுவிடுகிறேன், ஆடிட்டரிடமே திரும்பிப் போகிறேன் என்று தங்கையிடம் சொன்னேன்.

"இப்ப விட்டா நோவுலதான் விட்டான்னு சொல்லுவாக. எனக்காக விடாதண்ணே" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு தங்கள் ஊர் வேதக்கோயிலை விட்டு எங்கள் கோயிலுக்கு ஆராதனைக்கு வருவதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். அன்று திருவிருந்து. எல்லோரும் ஒரே பாத்திரத்தில் திராட்சை ரசம் குடிப்பது எங்கள் வழக்கம். நான் அதில் குடிக்கிறேனா, ஊர் என்னோடு குடிக்கிறதா என்று பார்க்கத்தான் வருகிறார்கள் என்று எங்களுக்குப் புரிந்தது. நான் வரவில்லை என்றேன். வராவிட்டால் அதுவே சாட்சியாகிவிடும் என்றாள் அம்மா.

ஆண்கள் முதலில் போய் முழங்காலிடுவார்கள், பிறகு பெண்கள். யாருக்கும் சங்கடம் வேண்டாம் என்று நான் ஆண்களில் கடைசி ஆளாகப் போனேன். குருவானவர் பாத்திரத்தை என் உதட்டில் வைத்தார், துணியால் துடைத்தார், பெண்கள் பக்கம் திரும்பினார். எனக்கு அடுத்து அதே பாத்திரத்தில் வாய் வைக்க வேண்டியது பெண்களில் முதல் ஆள் என்று அப்போதுதான் உறைத்தது. பெண்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அம்மா அன்று வார்டில் டூட்டி. குருவானவர் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

தங்கை எழுந்தாள். வேண்டாம் தாயி, உட்கார் என்று கத்த நினைத்தேன். அதற்குள் அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து முழங்காலிட்டுக் குடித்தாள். எனக்குப் பெருமையாக இல்லை.

அவள் திரும்பிப் போய்த் தன் பாயில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பெண்கள் சேலையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். முதலில் நகர்ந்தவர் அம்மாவை மதினி என்று கூப்பிட்டவர்தான்.